அரை இஞ்சு தளர்த்திய கை உறை

1. உள்தையல்

ரங்கூனில் இருபது வருஷம் ரவிக்கை தைத்தவன் நான். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. தீக்காயம் ஆறியவர்களுக்கு பிரஷர் கார்மென்ட் தைக்க ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு கிளினிக்கில் கூப்பிட்டார்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் லைக்ரா உறைதான் அது. முதல் நாளே பிசியோதெரபி பார்க்கும் டோ எஸ்தர் கட்டளை போட்டார். நம் தமிழ்ப் பெண்மணிதான்; பெயருக்கு முன்னால் வரும் 'டோ' பர்மிய மரியாதைச் சொல். எல்லோரும் ஸயாமா, அதாவது டீச்சரம்மா, என்றே அழைப்பார்கள்.

"மாஸ்டர், உள்தையலே விடக் கூடாது. அளவெடுத்ததைவிடக் குறைச்சு வெட்டணும். இறுக்கந்தான் இங்க வைத்தியம்."

இறுக்கிப் பிடிக்கிறது என்று சொன்னால் உடனே பிரித்துவிட்டுப் பழகிய கை இது. தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல், பின்னால் பிரித்துத் தளர்த்த வசதியாக ஓரத்தில் கொஞ்சம் துணியை உள்தையலாக விட்டே தைத்தேன்.

அப்போது வந்தவள் செல்வி. ஆற்றுக்கு அக்கரையில் டாலா படகுத்துறையில் தலையில் தட்டு வைத்து வடை விற்பவள். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து வலது முழங்கையின் உள்பக்கம் ஆழமாக வெந்திருந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் ஆறிய தோல் கையை மடக்கி இழுத்துக்கொண்டே இருந்தது. கை முழுக்க நிமிராவிட்டால் தட்டைத் தூக்கித் தலையில் ஏற்ற முடியாது. அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

உறையை மாட்டியதுமே கத்தினாள்: "மாஸ்டரண்ணே, இது சட்டையா மலைப்பாம்பா? ஆளையே முழுங்குதே!"

ஒரு வாரம் கழித்துக் கண்கலங்கி வந்து நின்றாள். "முழங்கை மடிப்புல உயிர் போவுதுண்ணே. கொஞ்சூண்டு பிரிச்சு விடுங்க. ஸயாமாகிட்ட சொன்னா என்னத்தான் திட்டுவாங்க."

மனசு கேட்கவில்லை. முழங்கைப் பக்கம் அரை இஞ்சு தளர்த்திக் கொடுத்தேன். "இப்பத்தாண்ணே மூச்சு வருது" என்று சிரித்துக்கொண்டே படகுக்கு ஓடினாள். எனக்கும் நல்ல காரியம் செய்த திருப்தி.

2. கயிறு

இரண்டு மாதம் கழித்துச் செல்வி வந்தபோது, தழும்பு கயிறு போலத் திரண்டு சிவந்து நின்றது. கை முன்பு நிமிர்ந்த அளவுகூட நிமிரவில்லை. ஸயாமாவுக்கு முகம் மாறியது.

"உறையக் கழட்டிக் கொடியில காயப் போட்டுட்டு வடை சுட்டியா?"

"சத்தியமா இல்ல, ஸயாமா. குளிக்கிறப்ப மட்டுந்தான் கழட்டுனேன்."

செல்வி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காட்டிக்கொடுக்கவில்லை. ஆபரேஷன் என்று எழுதிவிடுவார்களோ? கை இப்படியே நின்றுவிடுமோ? வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து சொல்லிவிட்டேன்.

"நான்தான் பிரிச்சு விட்டேன், ஸயாமா. அரை இஞ்சு."

அவர் உறையை உள்பக்கம் திருப்பி, பழைய தையலின் ஊசி ஓட்டைகளைப் பார்த்தார். "உள்தையல் விட்டீங்களா?"

"பழக்கதோஷம்."

"பழக்கதோஷம் இல்ல மாஸ்டர், பயம்."

பிறகு உட்காரவைத்து விளக்கினார். "நல்ல தோலுக்குள்ள எலாஸ்டின்னு ஒரு புரோட்டீன் நாரா ஓடுது. அதனாலதான் தோல இழுத்தா வருது, விட்டா பழைய எடத்துக்குப் போவுது. ஆழமா வெந்த எடத்த ஒடம்பு கொலாஜன வச்சு அவசரமா அடைச்சிடும். எலாஸ்டின் மட்டும் பழையபடி திரும்பாது. அது பெரும்பாலும் தாய் வயித்துலயும் சின்ன வயசுலயும் உண்டாகுறது."

எனக்கு அது லைக்ராவில் விழுந்த ஓட்டைக்குக் கேன்வாஸ் ஒட்டுப் போட்ட மாதிரி புரிந்தது. ஒட்டு பிடிக்கும், நீளாது.

"அப்ப உறை எதுக்கு, ஸயாமா?"

"கொலாஜன் மேடு தட்டாம, படிஞ்சு மெதுவா அடங்கணும். அதுக்குத்தான் இறுக்கம். நீங்க தளர்த்துன எடத்துலதான் இப்ப மேடு."

"கடையில எலாஸ்டின் கிரீம்னு விக்கிறாங்களே, அதத் தடவட்டுமா?" என்றாள் செல்வி.

"அந்தக் காசுக்கு மீன் வாங்கித் தின்னு. மேல தடவுனது உள்ள போயி நாரா ஆகாது."

கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன். "கை போச்சா, ஸயாமா?"

தழும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெளுத்து, மறுபடி சிவந்தது. "செவப்பா இருக்குல்ல? அப்ப இது இன்னும் மாறிக்கிட்டுத்தான் இருக்கு. வெளுத்து அடங்குற வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு."

நான் எழுந்து போய் அளவு டேப்பை எடுத்து வந்தேன்.

3. மறு அளவு

"எங்க வலிச்சுது? விரல வச்சுக் காட்டு" என்று ஸயாமா கேட்டார். செல்வி வைத்த விரல் என் தையல் மேலேயே நின்றது. தழும்பின் நடுவில், மடிப்புக்கு நேராக நான் தையலை ஓட்டியிருந்தேன். வலித்தது இறுக்கம் இல்லை, தையல்! இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

டேப்பை ஒன்றரை இஞ்சுக்கு ஒரு தரம் வைத்துப் புதிதாக அளந்தேன். கரண்ட் வரும் நேரம் பார்த்துத் தைத்தேன். தையலைக் கையின் வெளிப்பக்கம் தள்ளினேன், மடிப்பில் மெல்லிய துணி கொடுத்தேன். உள்தையல் துளிகூட விடவில்லை. ஸயாமா பயிற்சி கொடுத்தார், கை நிமிர்ந்தே இருக்கக் கட்டை வைத்துக் கட்டினார். முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்று அவர் ஒவ்வொரு தடவை கோணம் அளக்கும்போதும் நான் வாசலுக்குப் போய்விடுவேன். "வாங்க மாஸ்டர், நல்ல சேதிதான்" என்று கூப்பிட்ட பிறகே உள்ளே வருவேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தழும்பு வெளுத்துப் படிந்த பிறகு ஒரு நாள் செல்வி கிளினிக் ஸ்டீல் தட்டில் என் கத்தரிக்கோல், நூல்கண்டு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டாள். இரண்டு கையாலும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வடை, சூடா வடை!" என்று கூவிக்கொண்டே வராந்தாவில் நடந்தாள். ஸயாமா சிரித்தார். நான் கத்தரிக்கோல் விழுந்துவிடுமே என்று பின்னாலேயே ஓடினேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள். ஆனால் பிரிக்கும் கத்தியை எடுக்காதீர்கள். எங்கே என்று கேளுங்கள், பிசியோவைக் கூப்பிடுங்கள். தப்பு செய்துவிட்டால் தழும்பு சிவப்பாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

போன மாதம் செல்வி ரவிக்கைத் துணியோடு வந்தாள். தழும்பு மறையக் கை நீளமாக வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே? தோளுக்குக் கீழ நாலு விரல் போதும். புழுங்குது."