துருப் பிடிக்காத கம்பி

ஜெயவேலுக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம், ஒரு பெண் தலையைத் திருப்பிய பக்கம். அந்தப் பெண் அவனுடைய சொந்தப் பெண்டாட்டி என்பதால் எரிச்சல் இரண்டு மடங்கு.

வியாசர்பாடி ஹவுசிங்போர்டில் மூன்றாம் மாடி. பகலில் எண்ணூர் ரோட்டில் வால்வு செய்கிற கம்பெனியில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமையிலும் விசேஷ நாளிலும் அவன் லீடு கிட்டார், மனைவி ரமாபாய் பாடகி. இருவரும் சேர்ந்து நடத்துவதுதான் கடலோரத் தென்றல் இன்னிசைக் குழு. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஏப்ரல் பதினாலு, மாதா கோயில் திருவிழா என்று ராயபுரத்திலிருந்து மணலி வரைக்கும் இவர்கள் ஏறாத மேடை கிடையாது. ஜெயவேல் கிட்டாரை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரின் விரலை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். அதைப் பெருமையாகச் சொல்வான். கேட்காதவர்களிடமும் சொல்வான்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பாட்டுக்கு முன்னால் கீபோர்டு வாய் திறக்கக் கூடாது. ஜெயவேல் நாலாவது கம்பியை ஒரே ஒரு தட்டுத் தட்டுவான். ரமாபாய் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்புவாள். அந்தச் சத்தத்தைச் சுருதியாகக் காதில் வாங்கி, கண்ணை மூடி, அப்புறம்தான் பாட்டை எடுப்பாள். பதினாறு வருஷமாக இப்படித்தான். வீட்டில் அவள் அவனைப் பார்ப்பதெல்லாம் கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்வதற்கு. மேடையில் பார்க்கிற பார்வை வேறு. அந்த ஒரு பார்வைக்காகவே அவன் ஆம்ப்ளிஃபையரைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி இறங்கினான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ரெஜி வந்து சேர்ந்தான். அவன் அப்பா வேதமாணிக்கம், தெற்கேயிருந்து வந்து தண்டையார்பேட்டையில் எவர்சில்வர் பாத்திர மொத்தக்கடை வைத்திருப்பவர். ரெஜிக்கு முப்பது வயது, ஒல்லியான உடம்பு, பேச்சுக்குப் பேச்சு அண்ணே. இரண்டாவது கிட்டார் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவனைக் கூட்டிவந்ததே ஜெயவேல்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டதாக இப்போது தன்னையே திட்டிக்கொள்கிறான்.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண வரவேற்பு. ஜெயவேல் நாலாவது கம்பியைத் தட்டினான். ரமாபாய் திரும்பவில்லை. ஏதோ யோசனையில் இருக்கிறாள் என்று மறுபடி தட்டினான். பக்கத்திலிருந்த ரெஜி, தன் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி தன் கிட்டாரில் அதே கம்பியைத் தட்டினான். அது ணங் என்று கேட்டது. ரமாபாய் சட்டென்று ரெஜி பக்கம் திரும்பி, கண்ணை மூடிப் பாட்டை எடுத்துவிட்டாள்.

ஒரு தடவை என்றால் தற்செயல். அடுத்து மாதவரத்தில், அதற்கடுத்து காசிமேட்டில், நாலாவது தடவை கொடுங்கையூரில். அதற்குப் பிறகு அவள் நேராகவே ரெஜியைப் பார்த்துத் தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள். ஜெயவேல் வீட்டில் ரசம் உப்பு என்றான், சட்டை சரியாகத் துவைக்கவில்லை என்றான். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

அவளுக்கும் அவனுக்கும் ஏதோ இருக்கிறது என்று அவன் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால்கூடச் சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவன் நினைத்தது அதைவிட மோசம். ரெஜி தன்னைவிட நன்றாக வாசிக்கிறானோ என்று நினைத்தான். நினைத்தவுடனேயே அதற்கு ஒரு சமாதானமும் கண்டுபிடித்தான். கடைக்கார வீட்டுப் பிள்ளை, வெளிநாட்டுக் கம்பியாக வாங்கி மாட்டுகிறான். நாமும் அதே கம்பியை மாட்டினால் தீர்ந்தது கதை.

ராயபுரத்தில் ரயில்வே பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் சௌக்கத் அலி கடை. கிட்டார், தபேலா, ஹார்மோனியம் எல்லாம் பழுது பார்ப்பவர். ஜெயவேலுக்குப் பழைய தோஸ்து. ஒரு சனிக்கிழமை காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு ஜெயவேல் கிட்டாரோடு போய் நின்றான்.

"கம்பி மாத்தணும் பாய்."

சௌக்கத் அலி மூன்று பாக்கெட்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "இது நிக்கல் பூசுனது. சவுண்டு கதகதன்னு வரும், சீக்கிரம் செத்துரும். இது மேல பிளாஸ்டிக் மாதிரி கோட்டிங் குடுத்தது. நாளு தாங்கும், ஆனா கைக்கு வழவழன்னு கீதுன்னு சில பேருக்குப் புடிக்காது. இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சவுண்டு பளீர்னு கேக்கும், துரு கிட்டவே வராது."

ஸ்டெயின்லெஸ் என்று கேட்டதும் ஃபிட்டர் விழித்துக்கொண்டான். "எந்த கிரேடு? முன்னூத்தி நாலா, முன்னூத்திப் பதினாறா?"

"மாமு, இது பைப்லைன் இல்ல. அதெல்லாம் பாக்கெட்ல போட மாட்டான்."

ஜெயவேல் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்துப் பழைய கம்பி ஒன்றை அளந்தான். முதல் கம்பி ஒன்பது தௌ, அதாவது இஞ்சில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. கம்பெனியில் இந்தக் கணக்கில்தான் அவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, அதிகம் அக்கறையில்லாத மாதிரி கேட்டான். "நம்ப ரெஜி எத்த வாங்கிகினு போறான்?"

சௌக்கத் அலி சிரித்துவிட்டார். "அப்டி கேளு. அவன் வாங்கறது இதோ, இருக்கறதுலயே சாதா நிக்கல். பத்து தௌ."

"சாதாவா?"

"சாதாதான். ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு தபா மாத்திருவான். நீ எப்ப மாத்துன?"

"போன வருசம்." இதைச் சொல்லும்போது ஜெயவேலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்தப் பக்கத்துக் கடல் காற்றில் ஜன்னல் கம்பி உதிர்கிறது, சைக்கிள் செயின் ஆறு மாதத்தில் செங்கலாகிவிடுகிறது. அவன் கிட்டார் கம்பியில் மட்டும் ஒரு பொட்டுத் துரு கிடையாது.

சௌக்கத் அலி கிட்டாரை வாங்கி நாலாவது கம்பியைத் தட்டினார். டப் என்றது. மறுபடி தட்டினார். பிறகு வெள்ளைத் துணியால் கம்பியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். துணியில் கறுப்பாக ஒரு கோடு.

"இன்னா தடவுற இதுல?"

"ரஸ்ட் ஆயில். வால்வ கப்பல்ல ஏத்தறதுக்கு மின்ன பூசுவோமே, அது. தெனமும் ஷிப்டு முடிச்சிகினு வந்து ஒரு கை."

"எத்தினி வருசமா?"

"இந்தக் கம்பெனிக்கு வந்ததுலேர்ந்து. ஏழு வருசம்."

சௌக்கத் அலி துணியை மேசைமேல் விரித்து வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "நைனா, கம்பிமேல கம்பி சுத்தி கீது பாரு, அந்த இடுக்கு பூரா எண்ண பூந்து அழுக்கோட கட்டியாயிருச்சு. வால்வு அசையாம கப்பல்ல குந்திகினு போவும், அதுக்கு எண்ண சரி. கம்பி ஆடணும்பா. நீ துரு புடிக்காம பாத்துக்கின, சவுண்டு வர்ல."

ஜெயவேல் அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு வருஷத்துக் கச்சேரிகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எந்த மேடையில் யார் கைதட்டினார்கள், அது எந்தச் சத்தத்துக்கு என்று சந்தேகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ரெஜி வெறும் சாதாக் கம்பியில்தான் வாசித்தான் என்பது தாங்கவில்லை. வெளிநாட்டுக் கம்பியாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உனக்கு ஒம்போது ஆவாது," என்றார் சௌக்கத் அலி. "உங்க வூட்டுக்காரம்மா கொரலுக்கு எல்லாக் கம்பியும் அரை சுருதி எறக்கிக் கட்டுறீங்க. ஒம்போது அப்ப துணி காயப்போட்ற கயிறு மாதிரி தொங்கும். அதுமேல உன் கை வேற. ஸ்பேனர் புடிக்கற கை, நீ அமுக்குற அமுக்குல சுருதி மேல ஏறிக்கும். பதினொன்னு போடு. நிக்கல். ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா மாத்து. எண்ணெய தூக்கிக் கடாசு, வாசிச்சதும் காஞ்ச துணியால தொடை, போதும்."

ரெஜிக்குப் பத்து, தனக்குப் பதினொன்று. ஒரு தௌ அதிகம் என்பதில் ஜெயவேலுக்கு அற்பமாக ஒரு சந்தோஷம் வந்ததை மறைப்பானேன். சௌக்கத் அலி கிட்டாரின் கழுத்தை நிமிர்த்தி, கம்பி உட்காரும் பள்ளத்தை அரம் போட்டு அகலமாக்கி மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த ஜெயவேல் கிட்டாரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ரமாபாய் மேடையில்தான் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டான்.

மறுநாள் தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். பகல் பன்னிரண்டு மணி. ஒலிபெருக்கி இணைத்து, மைக்கைத் தட்டி, எல்லோரும் நின்றாகிவிட்டது. ஜெயவேல் நாலாவது கம்பியைத் தட்டினான்.

ணங் என்று மண்டபம் முழுக்கப் போயிற்று. பந்தி பக்கம் போய்க்கொண்டிருந்த ஒருவர்கூட நின்று திரும்பிப் பார்த்தார்.

ரமாபாய் திரும்பினாள். ரெஜி பக்கம் திரும்பினாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மாதிரிச் சத்தம் ரெஜியிடமிருந்துதான் வரும் என்று அவள் காது பழகிவிட்டது. ரெஜியின் கை கம்பிமேலேயே இல்லை. அவன் முகவாயால் ஜெயவேலைக் காட்டி, "அண்ணன்தான்க்கா," என்றான்.

ரமாபாய் இந்தப் பக்கம் திரும்பினாள். ஜெயவேல் மறுபடி தட்டினான். அவள் அவன் முகத்தையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிப் பாடினாள். அன்றைக்கு அவள் பாடின மாதிரி அவன் கேட்டதில்லை. தொண்டையை இறுக்காமல் பாடினாள்.

பாட்டெல்லாம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். பிரியாணி வந்தது. எதிர் வரிசையில் ரெஜி கீபோர்டுக்காரனோடு பேசிக்கொண்டே சாப்பிட்டான். ரமாபாய் தன் இலையிலிருந்த கறித்துண்டை எடுத்து ஜெயவேல் இலையில் வைத்தாள்.

"அந்த எண்ணெய உட்டுட்டியா மாமா?"

ஜெயவேல் கை நின்றது. "எண்ணெயாலதான்னு உனக்கு எப்டி தெரியும்?"

"ரெஜி சொல்லுச்சு. வந்த ஒடனயே கண்டுபுடிச்சிருச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் அன்னிக்கே உன்னாண்ட சொல்லிர்றேன்னேன். வேணாங்கா, அண்ணன் அத்த எவ்ளோ ஆசயா தொடச்சிகினு கீறாரு, மனசு கஷ்டப்படும், நான் சுருதி குடுக்கறேன், நீங்க பாடுங்கன்னுச்சு."

ஜெயவேல் நிமிர்ந்து எதிர் வரிசையைப் பார்த்தான். ஆறு மாதமாக அவன் பொறாமைப்பட்டது ரெஜியின் கம்பிக்கும் விரலுக்கும் மட்டும்தான். ஆறு மாதமாக ரெஜி அவனைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறான், பெண்டாட்டியும் கூடச் சேர்ந்து பாவப்பட்டிருக்கிறாள். ரெஜி அவன் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, இலைக்கு மேலே கட்டை விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தான்.

நல்ல பையன்தான். அது ஜெயவேலுக்குத் தெரிந்தேதான் இருந்தது, அதனால்தான் சோறு தொண்டையில் இறங்கவில்லை.