மோதிரத்தில் வைத்த மந்திரம்

ஆடி மாதம் பதின்மூன்றாம் திகதி, ஞாயிறு, பின்னேரம் நாலேகால். கச்சான் காற்று யன்னலில் மணலை எறிந்துகொண்டிருந்தது. மன்னார் நகரில் மருமகன் வீட்டு மேசையைச் சுற்றி, பகடை உருட்டி மாயக்கதை நடத்தும் விளையாட்டு. ஒருவர் வராததால் என்னை வாள்வீரனாக இருத்தினார்கள்.

எதிரே ஒரு தாதி; மெலிந்தவர். பகடைகளை, மாத்திரை போடும் குளிசைப் பெட்டியில் வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் உருட்டியபின் துடைத்து உள்ளே வைத்தார். விளையாட்டிலும் அவர் வைத்தியச்சிதான். காயம் ஆற்றும் மந்திரம் ஒன்றை முதலிலேயே என் வீரனின் மோதிரத்துக்குள் சேமித்தார். மோதிரம் அணிந்தவர் அதை ஒரே ஒரு முறை பயன்படுத்தலாம்.

என் வீரன் மூன்று தரம் காயப்பட்டான். நான் மோதிரத்தைத் தொடவில்லை.

"மாமா, அதை வட்டிக்கு விடப்போறியளோ?" என்றார் மருமகன்.

ஆறரைக்குப் பூதம் வைத்தியச்சியை வீழ்த்தியது. தாதி இரண்டு வருடம் வளர்த்த பாத்திரம் அது. விழுந்தவர் மந்திரம் சொல்ல முடியாது. அடுத்த சுற்றில் சாவு. என் வீரனுக்கும் மிச்சம் நாலு உயிர்ப்புள்ளிதான். மோதிரத்தை அவருக்கே செலவழித்தேன். வைத்தியச்சி எழுந்தாள்.

"ஏன் பிள்ளை மந்திரத்தை என்னட்ட வைச்சனீங்கள்?"

"மற்றவை முதல் கீறலுக்கே முடிச்சிருப்பினம், ஐயா. நீங்கள் வந்த உடன கதிரைகளை எண்ணினனீங்கள். எண்ணுற ஆள் வீணாக்கார்."

எண்ணினேன்தான், ஆறு. வாய்கூட அசையாமல் எண்ணியதை அவர் எப்படிக் கண்டார் என்று இன்னும் விளங்கவில்லை.

விளையாட்டு முடிய, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. என் ஊர் தோட்டவெளிக்கு ஓட்டோவுக்குப் பேரம் பேசாமல் கொடுத்தது ஆயிரத்து நூறு ரூபா.