நான் செத்துப்போயிருந்த மூன்று ஞாயிறுகள்

என் வீட்டுக்காரர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன முதல் மாதத்தில், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் செத்துப்போயிருந்தேன். எனக்கே தெரியாது. அவருக்கும் தெரியாது. அந்த ஊரில் ஒன்பது பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இதற்குச் சிரிப்பதா, அவரை நாலு சாத்து சாத்துவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டி ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டுகிறவருக்கு மனிதர்களோடு பேச வாயில் ஒன்றும் மிஞ்சாது. கல்யாணமாகிப் பதினோரு வருடம். தினமும் காலையில் அவர் ஸ்கூட்டரை எடுக்கும்போது நான் கேட்டில் நிற்பேன்; தெருமுனை திரும்பும்வரை நிற்பேன். மனுஷன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், திரும்பிப் பார்த்திருப்பாரா? ஊஹும். சண்டைகூடப் போட்டிருக்கிறேன். "ரோட்டைப் பார்த்து ஓட்டணும்ல" என்பார். சரிதான் போ என்று விட்டுவிட்டேன்.

நான் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்தில் ராஜினாமா கொடுத்த பிறகும் ஒரு மாதம் இருந்தாக வேண்டும். அதனால் அவர் முன்னால் போனார். மூன்றாம் மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். முதல் ஞாயிறன்று காலை எட்டு மணிக்கெல்லாம் துணி துவைத்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்துவிட்டு, எனக்கு ஆறு தடவை போன் செய்தார். வீட்டில் ஆறு வார்த்தை பேசாத மனிதர்!

ஆறாவது தடவை, "ஒரு ஆளாவது பழக்கமாகலேன்னா இங்க ஓட்ட முடியாதும்மா. ஒரு மாசம் பார்க்கிறேன். இல்லேன்னா நீ வர வேண்டாம், நானே திரும்பி வந்துடுறேன்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. வேலையை விட்டாயிற்று. வீட்டுக்காரம்மாவிடம் காலி செய்கிறோம் என்று சொல்லியாயிற்று. "அதெல்லாம் எனக்குத் தெரியாது. யாரையாவது பிடிச்சு ஃப்ரெண்ட் ஆக்கிக்குங்க" என்று அதட்டினேன்.

பிடித்தார். நூலக வாசலில் ஒரு நோட்டீஸ். அதில் ஷூ படம், ஏரி படம், ஞாயிறு பத்து மணி. கிளம்புமுன் ஆறு மாதம் வகுப்புக்குப் போனதில் அந்த ஊர் பாஷை கொஞ்சம் பேச வரும். எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. படம்தான் இருக்கிறதே என்று அடுத்த ஞாயிறு போய்விட்டார். எல்லோரும் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டுக் காபி குடித்தார்களாம். சாயங்காலம் போனில் ஒரே குழப்பம்.

"தங்கமா பழகுறாங்க. ஆனா என்னமோ மாதிரி இருக்கு. எத்தனை நாளாச்சுன்னு கேட்டாங்க. எட்டு நாள்னேன். எட்டே நாளான்னு ஒரு அம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. விடவே இல்ல."

"ஊருக்குப் புதுசுன்னு பாவப்பட்டிருப்பாங்க."

"அதுக்குக் கண்ணு கலங்குமா?"

அந்த அம்மா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். நல்ல உயரமாம். நாங்கள் அவருக்கு டிரைவரம்மா என்று பெயர் வைத்தோம்.

அதற்கடுத்த ஞாயிறு இன்னும் மோசம்.

"உன் போட்டோவைக் காட்டினேன். ரெண்டு பேர் அழுதுட்டாங்க."

"எந்த போட்டோ?"

"பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது."

"அதைப் பார்த்தா நானே அழுவேன். வேற போட்டோவே கிடைக்கலையா உங்களுக்கு?"

வாய்தான் கிண்டல் செய்தது. எனக்கும் உள்ளுக்குள் ஒன்றும் புரியவில்லை. பேக்கரி வைத்திருக்கும் ஒருவர் ரொட்டி கட்டிக் கொடுத்து, ராத்திரி தூக்கம் வருகிறதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று விசாரித்தாராம். புது ஆளை இப்படித் தாங்குகிற ஊரும் உண்டா? சீட்டுக் கம்பெனி ஆட்களோ என்றுகூட யோசித்தேன். "எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க" என்றேன்.

அவர் நடக்கப் போன மூன்றாம் ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் காபி குடிக்கும் நேரம் பார்த்து வீடியோ காலில் கூப்பிட்டேன். "எல்லாரையும் காட்டுங்க" என்றேன். போனைத் திருப்பினார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையாட்டினேன். ஒருவர்கூடத் திரும்ப ஆட்டவில்லை. பேக்கரிக்காரரின் காபி மேஜையில் கொட்டியது. டிரைவரம்மா ஏதோ கேட்டார், இவர் பதில் சொன்னார், அவர் மறுபடியும் கேட்டார்.

"என்னவாம்?"

"இது யாருன்னு கேட்டாங்க. பொண்டாட்டின்னேன். இன்னொரு பொண்டாட்டியான்னு கேக்குறாங்க. இல்ல, அதே பொண்டாட்டிதான்னேன்."

அப்புறம் டிரைவரம்மா மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக அவருக்கு விளக்கினார். புருஷனையோ பெண்டாட்டியையோ பறிகொடுத்தவர்கள் ஞாயிறுதோறும் ஒன்றாக நடக்கிற குழுவாம் அது. போன் இவர் பக்கம் திரும்பியபோது முகம் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தேன். போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க ஒரே புலம்பல். "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இனிமே அங்க போறது? ஏமாத்திட்டான்னு நினைச்சிருப்பாங்க. நீ வராதே, நான் டிக்கெட் பார்க்கிறேன்."

நானா கேட்பேன்? சனிக்கிழமை பெட்டியோடு போய் இறங்கினேன். மறுநாள் காலை ஒன்பதரைக்கு, "கிளம்புங்க" என்றேன்.

"எங்க?"

"செத்தவ வந்திருக்கேன்ல, காட்ட வேண்டாமா?"

ஏரி வாசலில் ஒன்பது பேரும் நின்றிருந்தார்கள். இவர் என் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார். எனக்கும் வீராப்பெல்லாம் இறங்கிவிட்டது. துணையைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் இப்படி உயிரோடு வந்து நிற்பது தப்போ என்று தோன்றியது. டிரைவரம்மா நேராக என்னிடம் வந்தார். ஜுரம் பார்ப்பதுபோல் என் கன்னத்தில் கை வைத்தார். பிறகு மடமடவென்று பேச ஆரம்பித்தார்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா இவ்வளவு நேரம் சொல்றாங்க? சொல்லுங்க."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு மென்று முழுங்கினார். "உன்னைப் பத்தி ஏதாவது சொல்லுன்னு போட்டோ காட்டின அன்னிக்குக் கேட்டாங்க. நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்றாங்க. கேட்டுல நிக்கிற பொண்ணு நீதானான்னு கேக்குறாங்க."

"அப்புறம்?"

"நான் திரும்பிப் பார்க்கிறதே இல்லன்னு நீ நினைச்சிட்டிருக்கியாம். ஆனா நான் தெருமுனை வரைக்கும் ஸ்கூட்டர் கண்ணாடியில உன்னைத்தான் பார்த்துட்டுப் போவேனாம்."

"இதை நீங்க சொன்னீங்களா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"பதினோரு வருஷமா நான் கேட்டேனே!" என்று கத்திவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இதைச் சொல்றதுக்கு நான் சாகணுமா?"

டிரைவரம்மா இவரிடம் ஏதோ கேட்டார். நான் என்ன சொன்னேன் என்றுதான். இவர் அந்த ஒன்பது பேரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அவர்கள் பாஷையில் சின்னதாக ஒரு பதில் சொன்னார்.

"என்ன சொன்னீங்க?"

"நானும் உங்ககூட நடக்க வரலாமான்னு நீ கேக்குறதா சொன்னேன்."

அதற்குள் டிரைவரம்மா என் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். விடவே இல்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். இவர் பேக்கரிக்காரரோடு வந்துகொண்டிருந்தார், வாய் ஓயாமல் பேசியபடி. என்னைப் பற்றியா, லென்ஸைப் பற்றியா, எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.