இடது பக்கத்துக் கிட்டார்

மாலை நாலரைக்கு நான் முதலில் கண்டது, சோபாவுக்குப் பின்னால் வயரோடு மண்டியிட்டிருந்த ஒரு முதுகை. வடசேரியில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். எங்கள் சபையில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு அவரை ஏற்பாடு செய்ய அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரோ பழைய ராக் பாட்டு ஒன்றின் புது சரவுண்ட் பதிவில் குறை கண்டுகொண்டிருந்தார். அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்கள்.

நரைத்த தாடி, சட்டைப்பையில் டெஸ்டர். எந்த விழாவிலும் ஸ்பீக்கர் அடுக்கு இடக்காதை ஒட்டி இருக்கும்படிதான் மிக்ஸரோடு உட்காருவார்.

"டிரம்ஸ் கொள்ளாம். கிட்டார இடது பக்கம் பொறத்தால கொண்டுபோய்க் கொன்னுட்டான். மிக்ஸ் பண்ணுனவனுக்குச் செவி உண்டா சாரே?"

வயரை மாற்றினார். ஸ்பீக்கரையே மாற்றினார். உட்கார்ந்த மறுகணம் எழுந்தார். கடைசியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இப்போது அந்த ஸ்பீக்கர் அவருக்கு வலப்பக்கம் வந்துவிட்டது.

"இப்ப கேக்குது," என்றார். சற்றுப் பொறுத்து, "முன்னயும் கேட்டுதா?"

"கேட்டுது அண்ணாச்சி. நல்லாவே கேட்டுது."

விரலால் இடக்காதை அடைத்தார், திறந்தார், மறுபடி அடைத்தார். பாட்டை நிறுத்தவில்லை.

"பண்டியலுக்கு நான்தான் வருவேன்," என்றார்.

வந்தார். அன்று ஸ்பீக்கர் அடுக்கு அவருக்கு வலப்பக்கம் இருந்தது.