எங்கள் சங்கத்தின் பச்சைக் கோடு

எங்கள் வம்ச வரலாற்றுச் சங்கத்தைக் கலியாணம் பேசும் கந்தோர் என்றுதான் கற்பிட்டியில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "நல்ல எடமா ஒண்டு பாத்துச் செல்லுங்க" என்று போனவர்களும் உண்டு. சங்கம் கூடுவது என் போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறையில். நான்கு கதிரை, ஒரு பழைய அலுமாரி, சுவர் நிறையப் பிரிஸ்டல் போட் அட்டைகள். அவ்வளவுதான்.

சங்கம் தொடங்கியதும் அந்தக் கடையால்தான். தொண்ணூறில், போர்க்காலத்தில், முஸ்லிம்கள் என்பதால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் படகேறி இங்கே வந்தவர்கள், ஊரில் விட்டுவந்த காணிக்கு உரிமை காட்ட வேண்டி, மிஞ்சியிருந்த தாள்களைக் கொப்பி எடுக்க என்னிடம் வருவார்கள். காணி உறுதிப் பத்திரம் இருந்தால் பிறப்புப் பத்திரம் இருக்காது. பிறப்புப் பத்திரம் இருந்தால் அதில் வாப்பாவின் பெயர் பிழையாக இருக்கும். அப்படி வந்தவர்களில் ஒருவர் மன்னாரில் விதானையாராக, அரசாங்கத்தின் கிராம அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, "நீ இன்னாரின்ட பேரன், உன்ட வாப்பாவுக்கு ரெண்டு தாரம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மெஷின் ஓடும் நேரத்தில் நான் அதைப் பழுதாய்ப் போன தாள்களின் பின்பக்கத்தில் குறித்துவைப்பேன்.

ஒருநாள் பரீட்சைத் தாள் கொப்பி எடுக்க வந்த சரித்திர டீச்சர் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டார். அவர் புத்தளத்துப் பழைய குடும்பம்.

"இப்பிடி எழுதினா நாளைக்கு உங்களுக்கே வெளங்காது, நானா" என்று அண்ணனிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

மறுநாள் ஒரு பிரிஸ்டல் போட் அட்டையோடும் அடிமட்டத்தோடும் வந்து முதல் குடும்பத்தின் மரத்தை வரைந்து தந்தார். அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பின் கூடினோம். பள்ளிவாசல்களின் கலியாணப் பதிவுகளைப் பார்த்து எழுதினோம். வீடு வீடாகப் போய்க் கேட்டோம். விதானையாருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு பெயர் முதலில் பென்சிலில் எழுதப்படும். இரண்டு சாட்சி கிடைத்த பின்தான் மை. டீச்சருக்கு ஒரு சண்டை இருந்தது. விதானையார் சொன்னபடி வரைந்த முதல் அட்டையில் பெண்பிள்ளைகளுக்குப் பெயரே இல்லை, வெறும் கோடுதான். அந்தக் கோடுகளுக்கெல்லாம் பெயர் கேட்டு வாங்க அவருக்கு ஒரு வருசம் பிடித்தது.

இந்த நேரத்தில்தான் கட்டாரில் வேலை செய்த என் கடைசித் தம்பி ஊருக்குத் திரும்பினான். முப்பத்தைந்து வயது. இன்னும் கலியாணம் முடிக்கவில்லை. டீச்சர் தன்னுடைய பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ஒரு பிள்ளையைச் சொன்னார். தம்பியின் வயதுதான். மன்னாரிலிருந்து கைக்குழந்தையாக வந்தவள். அவளுடைய உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்கள். தம்பியும் அவளும் ஒருமுறை டீச்சரின் வீட்டில் பார்த்துப் பேசினார்கள். பிறகு போனில் பேசினார்கள். பேச்சு நீண்டுகொண்டே போனதைப் பார்த்து, காரியம் சரிதான் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

நான் சங்கத்துச் செயலாளர் என்ற பெருமையில், பெண் வீட்டின் அட்டையை உம்மாவுக்குக் காட்ட வீட்டுக்குக் கொண்டுபோனேன். உம்மாவுக்கு எழுபத்துமூன்று வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். ஒரு பெயரில் விரல் நின்றது.

"மகன், இவட உம்மா ரெட்டப் புள்ள பெத்தவளா?"

"ஓம் உம்மா. இவவும் ஒரு நானாவும். நானா இப்ப மன்னார்ல."

உம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப இந்தக் கலியாணம் ஏலாது. நான் அந்தப் புள்ளயளுக்குப் பால் குடுத்தீக்கிறன்."

மன்னாரிலிருந்து வந்தவர்களில் ஏழெட்டுக் குடும்பம் எங்கள் தென்னந்தோட்டத்தில் தென்னோலைக் கிடுகால் கொட்டில் போட்டுத் தங்கியிருந்தது எனக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினேழு வயது. தண்ணீர் அள்ளிக் கொடுப்பதும் கிடுகு சுமப்பதும்தான் என் வேலை. பெண்கள் பக்கம் நடந்தது எனக்குத் தெரியாது. தம்பி அப்போது உம்மாவின் மடியில் இருந்தான். வழியில் பட்ட பாட்டில் பால் வற்றிப்போன தாய்மாரின் பிள்ளைகளுக்கு உம்மா பால் கொடுத்திருக்கிறார். எங்கள் மார்க்கத்தில் ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்களைப் போல. அவர்களுக்குள் கலியாணம் இல்லை.

"ரெண்டு பேருக்குமா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆம்புளப் புள்ளைக்கு எந்நாளும் குடுத்தன். அது நல்லாத் தெரியும். ஒரு பொம்புளப் புள்ளைக்கும் குடுத்தன். அது இவதானா எண்டு இப்ப செல்லத் தெரியாம இரிக்கி. எத்தின தரம் எண்டும் தெரியா."

தம்பி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் கறுத்துப்போயிற்று. "நானா, நான் நேத்தும் அவவோட ஒரு மணித்தியாலம் கதைச்சன்" என்றான். பிறகு போனை எடுத்து என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். அவர் அமைதியாகக் கேட்டார். இரண்டு வயதுக்குள், வயிறு நிரம்ப, ஐந்து தடவை குடித்திருந்தால்தான் உறவு உறுதியாகும் என்றார். பால் குடித்த பிள்ளைதான் அந்த வீட்டுப் பிள்ளை; குடிக்காத கூடப்பிறந்தவருக்கு அதனால் தடை வராது என்றும் சொன்னார். "அந்த நேரத்துல கிட்ட இருந்த ஆக்களத் தேடுங்க" என்றார். அது நாங்கள் செய்து பழகிய வேலைதான்.

ஆனால் விதானையார் சம்மதிக்கவில்லை.

"சங்கம் ரத்தத்த எழுதுறதுக்கு, தம்பி. பாலையும் எழுத வெளிக்கிட்டா முடிவிருக்காது."

"கலியாணத்த நிப்பாட்டுறதுக்கு அந்தப் பால் போதும் எண்டா, எழுதுறதுக்கு ஏன் போதாது?" என்றார் டீச்சர்.

விதானையார் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஆனாலும் மறுநாள் அவர்தான் வழியைக் கண்டுபிடித்தார். பெண்ணின் வாப்பாவுக்கு ஒரு தங்கை. அந்தக் காலத்தில் இரட்டைப் பிள்ளைகளைத் தூக்கித் திரிந்தது அவள்தான். இப்போது மாம்புரியில் மிளகாய்த் தோட்டம் செய்கிறாள்.

டீச்சர் பெண்ணிடம் விசயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லையாம். "அஞ்சு தரமா? எண்ணினது ஆரு?" என்று கேட்டாளாம். கேட்டுவிட்டு, அந்த மாமியிடம் தானும் வருவதாகச் சொன்னாள்.

உம்மா, டீச்சர், நான், மணப்பெண் நான்கு பேரும் ஒரே ஓட்டோவில் மாம்புரிக்குப் போனோம். உம்மாவும் அவளும் அருகருகே இருந்தார்கள். தான் அவளுக்கு மாமியாரா, பால் கொடுத்த உம்மாவா என்று தெரியாத நிலையில் என்ன பேசுவது என்று உம்மாவுக்கு விளங்கவில்லை. கடைசியில், "சோறு கறி ஆக்குவியா புள்ள?" என்று கேட்டார். "ஓரளவுக்கு" என்றாள் அவள்.

மாமி மிளகாய்ப் பாத்திக்கு நடுவில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உம்மாவைக் கண்டதும் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். எங்கள் எல்லாரையும் மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி ஊற்றினாள். டீச்சர் விசயத்தைத் தொடங்கினார். மாமி முடிக்க விடவில்லை.

"இவவா? இவ எங்க குடிச்சா? ராத்தா, உங்களுக்கு நெனவில்லயா? முதல் நாள் நான் ரெண்டு பேரையும்தான் கொண்டுவந்தன். இவட நானா வாய வச்ச ஒடன குடிச்சான். இவ மொகத்தத் திருப்பிக்கிட்டு, தோட்டம் முழுக்கக் கேக்க அழுதா. அடுத்த நாளும் கொண்டுவந்து பாத்தன். அதே கதைதான். ஒரு சொட்டு எறங்கல்ல. அதுக்குப் பொறகுதான் எங்கட மதினி, இவட உம்மா, இருக்கிற பால இவவுக்குக் குடுப்பம், பொடியன மட்டும் அந்த வீட்டுக்குக் கொண்டுபோ எண்டு சென்னாங்க."

"அப்ப நான் பால் குடுத்த பொம்புளப் புள்ள?"

"அது பக்கத்துக் கொட்டில்ல இருந்த புள்ள. காதுக்குக் கீழ மச்சம். அவவுக்கு இப்ப மூணு புள்ள, எருக்கலம்பிட்டியில."

உம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஓம், மச்சம். அந்த மச்சத்தத் தடவிக்கிட்டுத்தான் பால் குடுப்பன்."

பிறகு உம்மா சிரிக்கத் தொடங்கினார். மணப்பெண்ணின் கன்னத்தைப் பிடித்து, "என்ட பால வேணாம் எண்டவ நீதானா?" என்று கேட்டார். அவள் வெட்கத்தோடு, "அண்டைக்கு ஆக்களத் தெரியாதே" என்றாள். டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

விதானையாரின் சட்டத்துக்கு இரண்டாவது சாட்சி வேண்டும். எருக்கலம்பிட்டிக்கு டீச்சர் போன் எடுத்தார். மச்சக்காரி தன் உம்மாவிடம் போனைக் கொடுத்தாள். அவர் மாமி சொன்னதையே சொன்னார். மௌலவியும் கேட்டுத் திருப்திப்பட்டார். நான் தம்பியின் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனவன், ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் வரவில்லை.

கலியாணத்துக்கு இரட்டையில் மற்றவர் மன்னாரிலிருந்து வந்தார். படகு எஞ்ஜின் திருத்துகிறவர், ஆள் உயரம். அவர் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவர், மாப்பிள்ளைக்குப் பால் சகோதரர். எந்தப் பக்கம் இருப்பது என்று வாசலிலேயே நின்று கேட்டார். "சாப்பாடு எந்தப் பக்கம் முதல்ல வருதோ அந்தப் பக்கம் இரிங்க" என்றேன். பிறகு உம்மாவிடம் போய்க் குனிந்து ஸலாம் சொன்னார். உம்மா அவரைத் தன் பக்கத்தில் இருத்தி, தன் கையாலேயே சோறு போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை விதானையார் ஒரு பச்சை மைப் பேனா வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் குடும்ப அட்டையை இறக்கி, உம்மாவின் பெயரிலிருந்து மூன்று பச்சைக் கோடுகள் போட்டார். இரட்டையில் நானாவும் மச்சக்காரியும் போக, மூன்றாவது அன்றைய கொட்டிலில் இருந்த ஒரு சின்னப் பொடியன். மாமி சொல்லித்தான் அவனும் தெரியவந்தான். அவன் பெயர் மட்டும் இன்னும் பென்சிலில் இருக்கிறது.

செய்தி பரவிய பிறகு சங்கத்துக்கு வரும் ஆட்கள் மாறினார்கள். முன்பு காணிக்காக ஆண்கள் வந்தார்கள். இப்போது பெண்கள் வந்தார்கள். குறிஞ்சிப்பிட்டியில் வேலிச் சண்டையில் பல வருசம் பேசாமல் இருந்த இரண்டு பேர் பால் சகோதரிகள் என்று எங்கள் அட்டையில் தெரிந்தது. இப்போது பேசுகிறார்கள். வேலிச் சண்டை அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் தாடி வைத்த ஒருவர் கடைக்கு வந்தார். புத்தளத்தில் உப்பு ஏற்றும் லொறி ஓட்டுகிறார். தொண்ணூறில் படகில் வந்து இறங்கியபோது அவருடைய உம்மாவுக்குக் கடும் காய்ச்சலாம். கரையில் இருந்த ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பெண் கைக்குழந்தையான இவருக்குப் பால் கொடுத்ததாக உம்மா சொல்லியிருக்கிறார். அவளைத் தேட வேண்டும் என்றார். விதானையார் மூன்று கிழமை அலைந்து, தலவிலையில் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கிட்ட இருக்கும் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார்.

எல்லாருமாகப் போனோம். அந்த அம்மா வலைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசினார். லொறிக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினொரு நாள் குடுத்தன்" என்றார். "இவர்ட அம்மா எழும்பி இருந்த நாள் வரைக்கும். பொறகு கூட்டிட்டுப் போனாங்க. இவ்வளவு பெரிசா வளந்தீங்களா, புத்தே, மகனே?"

லொறிக்காரர் கொண்டுபோன பழக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அந்த அம்மாவின் மகன்மார் மூன்று பேர் கடலிலிருந்து வந்து, விசயத்தைக் கேட்டு, அவரைத் தோளில் தட்டி உள்ளே கூட்டிப் போனார்கள்.

விதானையார் லொறிக்காரரின் குடும்ப அட்டையை மேசையில் விரித்தார். பச்சைப் பேனாவைத் திறந்து, அந்த அம்மாவிடம் பெயரைக் கேட்டார்.

"என்ட பேருமா எழுதுறது?"

"ஓம். உங்கட உம்மாட பேரும் வேணும்" என்றார் விதானையார்.

அந்த அம்மா சொல்லச் சொல்ல விதானையார் எழுதிக்கொண்டே போனார். உம்மாவின் பெயர், உம்மாவின் உம்மாவின் பெயர், அவர்கள் வந்த ஊர். அட்டையில் இடம் முடிந்துவிட்டது. டீச்சர் பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒட்டினார்.