பீலியில் கலந்த உப்பு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பிறகு எந்த ஊரிலும் நெடுநாள் தங்கியதில்லை. கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். வவுனியாவில் கல் சுமந்தேன். கடைசியாக நுவரெலியாவில் ஒரு தங்கு விடுதியில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீரை ஆராய்கிறவர்கள் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் அங்கே வந்து இறங்கினார்கள்.

ஒருவர் தலை முழுக்க நரைத்த வெள்ளைக்கார அம்மா. மற்றவர் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆள், என் வயதுதான் இருக்கும். இருவரும் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். உலகத்தில் ஆறு, மழை, ஊற்று, நிலத்தடி நீர் என்று அளந்து திரிகிறவர்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் அது. சில வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் கூடுவார்கள். அளந்ததை ஒருவருக்கொருவர் சொல்வார்கள், அச்சடிப்பார்கள். வசதியில்லாத நாட்டுக்காரருக்கு விமானச் செலவு கொடுத்துக் கூப்பிடுவார்களாம். அந்த யாழ்ப்பாணத்துக்காரரும் அப்படி ஒருமுறை போய் வந்தவர். இந்தத் தடவை கூட்டம் கண்டியில். அதற்கு முன்னால் மலை ஊற்றுகளைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்கள்.

பெட்டிகளை மாடிக்கு ஏற்றும்போது நானாகத்தான் கேட்டேன். "சேர், தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"அதுதானே எங்கட வேலை" என்றார் அவர்.

என் அக்கா பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தாள். லயத்துக்குப் பின்னால் பாறையிலிருந்து ஊற்று வரும். அதில் மூங்கிலுக்குப் பதிலாக இப்போது ஒரு இரும்புக் குழாயைச் செருகியிருந்தார்கள். அதுதான் பீலி. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். லயத்துக்கு மேலே பழைய துரை பங்களாவைத் தோட்டத்துக் கம்பனிக்காரர்கள் சுற்றுலா விடுதியாக மாற்றியிருந்தார்கள். விடுதி வந்தபிறகு அதன் மலக்குழி நிரம்பி, தேயிலைக்குள் வெட்டிய வடிகாலான கானில் வழிந்தது. கொஞ்சத் தூரம் போனதும் கான் நீர் மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போகும். அக்காவின் மகளுக்கு வயிற்றோட்டம் வருவதும், ஆஸ்பத்திரியில் கிடப்பதும், வீடு திரும்புவதும் அதன்பிறகுதான். பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டது. லயத்தில் வேறு பிள்ளைகளுக்கும் அப்படித்தான். டாக்டர் தண்ணீரைச் சொன்னார். தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனால், "அந்தக் குழி வேற சரிவு, இந்த ஊத்து வேற. நிரூபிச்சிட்டு வா" என்றாராம். மலக்குழியை மாற்ற வேண்டும், அதற்கு நிரூபிக்க வேண்டும். லயத்தில் யாருக்கும் அது எப்படியென்று தெரியவில்லை.

வெள்ளைக்கார அம்மா கதையைக் கேட்டுவிட்டு மறுநாளே போகலாம் என்றார். நுவரெலியா விடுதியில் லீவு கேட்காமல் நானும் வேனில் ஏறினேன். அதோடு வேலை போயிற்று. இப்படிப் போன வேலைகள் ஏற்கெனவே நிறைய.

லயத்தில் எங்களைச் சுற்றிப் பெண்கள் கூடினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் பேசியது தமிழ்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது வானொலிச் செய்தி மாதிரி. நான் தமிழிலிருந்து தமிழுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

"எந்தச் சங்கம்யா நீங்க? சந்தா புடிப்பீங்களா?" என்று கேட்டாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கிழவி. தோட்டத்தில் சங்கம் என்றால் தொழிற்சங்கம்தான்.

"இது அந்தச் சங்கம் இல்லை அம்மா. நாங்கள் அளந்து பாப்பம். அவ்வளவுதான்."

"அளந்துட்டு?"

"எழுதுவம்."

"எழுதிட்டு தொரைக்கிட்ட பேசுவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கிழவியைப் பார்த்தேன். "மொதல்ல அளக்கட்டும் ஆத்தா" என்றேன்.

"அட போ. எல்லாச் சங்கமும் இப்படித்தான் தொடங்குது" என்றாள் கிழவி. பெண்கள் சிரித்தார்கள்.

அளக்கும் விதம் எளிமையானது. மேலே கான் நீர் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் உப்புக் கரைசலை ஊற்றுவது. கீழே பீலியில் ஒரு சிறிய பெட்டியின் கம்பி முனையை நனைத்து வைப்பது. தண்ணீரில் உப்பு கூடினால் பெட்டியில் எண் ஏறும். ஏறினால் மேலே உள்ள தண்ணீர் கீழே வருகிறது என்று பொருள். உப்பு மூட்டையை நான்தான் சுமந்தேன். அட்டைகள் காலில் ஏறின. வாளியில் கரைத்து, வெள்ளைக்கார அம்மா தன் கையால், மெதுவாக, ஒரே சீராக ஊற்றினார். பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கங்காணி கத்திய பிறகுதான் குனிந்தார்கள்.

பிறகு பீலியடியில் காத்திருந்தோம். மத்தியானம் வரை எண் அசையவில்லை. மழை தூறியது. வெள்ளைக்கார அம்மா குடைக்குள் குந்தியிருந்து பெட்டியையே பார்த்தார். நான் எத்தனையோ இடத்தில் காத்திருந்தவன். ஆனால் ஒரு எண்ணுக்காக யாரும் இப்படிக் காத்திருந்து பார்த்ததில்லை.

கொழுந்தை நிறுவை போட்டுவிட்டு ஆட்கள் லயத்துக்குத் திரும்பிய சற்று நேரத்தில் எண் குதித்தது. வெள்ளைக்கார அம்மா எழுந்து கத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர் என் முதுகில் அடித்தார். எண் இன்னும் ஏறியது. இன்னும் ஏறியது. அவர் முகம் மாறிற்று.

"இவ்வளவு வராதே" என்றார். "நாங்கள் ஊத்தினதே இவ்வளவு இல்லை."

பாறைக்குப் பின்னால் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தேன். அக்கா நின்றாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக. ஒவ்வொருத்தி கையிலும் உப்பு. ஊற்று வாயில் போட்டுவிட்டுக் கும்பிட்டுக் கும்பிட்டு நகர்ந்தார்கள்.

"அக்கா, என்ன செய்றீங்க?"

"ஏன்டா கத்துற? அந்த நோனா நம்ம புள்ளைங்களுக்காக உப்புக் கரைக்கிறாங்க. வேத்து நாட்டுக்காரி அவ்ளோ தூரத்துல இருந்து வந்து நேந்துக்கிறப்ப, பெத்தவ நான் சும்மா இருக்கவா?"

எங்கள் மாரியம்மன் கோயிலில் உப்பைத் தண்ணீரில் போட்டு, இது கரைவது போல் நோயும் கரையட்டும் என்று வேண்டிக்கொள்வது வழக்கம். அவர்கள் பார்த்தது அதைத்தான். அளப்பதற்கு உப்பைக் கொட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? காலையில் விளக்கியபோது நான் பெட்டியையும் எண்ணையும் சொன்னேன், உப்பைச் சொல்ல விட்டுப்போயிற்று. யாழ்ப்பாணத்துக்காரரும் சொல்லவில்லை.

அவர் தலையில் கை வைத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்கார அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னார்.  அந்த அம்மா அக்காவிடம் போய், கையை நீட்டி, அவளிடம் மிஞ்சியிருந்த உப்பில் கொஞ்சம் வாங்கித் தானும் ஊற்றில் போட்டார். அன்று மாலையே அவர்கள் கண்டிக்குப் போகவேண்டும். இனி அளக்க நேரமில்லை.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே கதை பரவிவிட்டது. வேலை பிரித்துக் கொடுக்க வந்த கண்டாக்கு, துரைக்குக் கீழே மலை வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர், "இன்னைக்குக் கொழுந்துல உப்புப் போட்டு நிறுவையக் கூட்டிறாதீங்க தாயே" என்றாராம். துரை இன்னும் ஒரு படி மேலே போனார். "திருட்டுத்தனமா உப்பப் போட்டு என்னைய மாட்டிவிடப் பாத்தீங்களா?" என்று அலுவலகத்தில் வைத்துக் கேட்டார்.  பிள்ளைக்கு அந்த வாரம் மறுபடி வயிறு ஓடியது. நான் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வளைவுகளில் அது என் சட்டையிலேயே வாந்தி எடுத்தது. பாரமே இல்லை அதற்கு.

கண்டிக் கூட்டம் முடிந்தபின் யாழ்ப்பாணத்துக்காரர் எனக்குப் போன் பண்ணினார். சங்கம் இதற்குச் செலவு தராது, நானே சனிக்கிழமை சொந்தச் செலவில் வருகிறேன், உப்புக்குப் பதிலாகச் சாயம் கொண்டுவருகிறேன் என்றார். வந்தார். பஸ்ஸில் வந்து, எங்கள் பிள்ளையைப் போலவே அவரும் வளைவுகளில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்து இறங்கினார். நேரே துரையிடம் போய் ஆங்கிலத்தில் பேசினார். துரை சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. விடுதிக் கக்கூஸில் சாயம் ஊற்றுவதிலிருந்து பீலி வரை கண்டாக்கு கூடவே இருக்க வேண்டும். பெண்கள் ஒருவரும் பீலிப் பக்கம் வரக்கூடாது.

இந்த முறை யாழ்ப்பாணத்துக்காரர் லயம் லயமாகப் போய்ச் சொன்னார். "தண்ணி பச்சையா வரலாம். பயப்பிடாதேங்கோ. சாயம் ஒண்டும் செய்யாது. தேவையான தண்ணிய இப்பவே பிடிச்சு வையுங்கோ."

ஞாயிறு விடியற்காலையில் ஊற்றினார்கள். கண்டாக்கு நாற்காலி கொண்டுவரச் சொல்லிப் பீலியடியில் உட்கார்ந்தார். பெண்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தார்கள். வெயில் ஏறியது. கண்டாக்கு தூங்கினார், விழித்தார், வெற்றிலை போட்டார்.

"தம்பி, உங்க சேருக்கு வேற வேல இல்லியா?" என்று என்னைக் கேட்டார்.

"லீவு நாள்ல வந்திருக்காருங்க."

"அப்ப பொண்டாட்டி இல்லாதவரு."

பின்னேரமாகத்தான் குழாய் வாயில் ஒரு சாயல் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்காரருக்கும் தெரிந்தது. "மரத்து நெழலுங்க அது" என்றார் கண்டாக்கு. அது கொஞ்சம் கொஞ்சமாக இளந்தளிர் நிறத்துக்கு வந்தது. "பாசி" என்றார். அப்போது அவர் போன் அடித்தது. அடுத்த முனையில் அவர் மனைவி கத்தியது எங்களுக்கே கேட்டது.

"ஏங்க, கொழாய்ல என்னத்தையோ கலந்துட்டாங்க! புள்ளைங்க வெள்ள யூனிபோம் எல்லாம் பச்சையாப் போச்சு! நாளைக்கி எதப் போட்டு அனுப்புறது?"

கண்டாக்கின் வீட்டுத் தொட்டிக்கும் அதே பாறையிலிருந்துதான் தண்ணீர் போகிறது என்று அன்றுவரை அவருக்கே தெரியாது. அவருக்கு முன்னிருந்த கண்டாக்கு காலத்தில் போட்ட குழாய் அது. போனைக் காதில் வைத்தபடியே நின்றார். வெற்றிலையைத் துப்பினார்.

பெண்கள் இறங்கி வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. கிழவி ஒரு கோப்பையில் அந்தத் தண்ணீரைப் பிடித்து யாழ்ப்பாணத்துக்காரரிடம் நீட்டினாள்.

"சாயம் ஒண்ணும் செய்யாதுன்னீங்களே சேர். ஒரு வாய் குடிங்க பாப்போம்."

அவள் கேலியாகத்தான் கேட்டாள். அவரும் சிரித்தபடி வாங்கினார். உதடுவரை கொண்டுபோனார். பிறகு கோப்பையைக் கல்லில் வைத்துவிட்டார். சாயம் எந்த வழியாக வந்தது என்பது அந்த நேரத்தில் அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. அக்கா குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் மகளுக்குக் காய்ச்சிக் கொடுத்ததும், அவசரத்துக்குக் காய்ச்சாமல் கொடுத்ததும் அதுதான்.

துரை நம்பினார். நம்பியதால் அடுத்த மாதமே கண்டாக்கு வீட்டுக்கும் மற்ற உத்தியோகத்தர் வீடுகளுக்கும் வேறொரு மேட்டு ஊற்றிலிருந்து புதுக்குழாய் போட ஆட்கள் வந்தார்கள். மலக்குழியை மாற்றுவதற்குக் கொழும்பிலிருந்து அனுமதி வரவேண்டுமாம். பீலியில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பலகை வைத்தார்கள், குடிக்க உதவாத நீர் என்று. லயத்து ஆட்கள் அடுத்த தோட்டத்து எல்லைவரை நடந்து தண்ணீர் சுமந்தார்கள். காலை பெரட்டுக்கு முன் ஒரு நடை, மாலை ஒரு நடை. நானும் சுமந்தேன். முன்பு பிள்ளைகளுக்கு நோய் இருந்தது, இப்போது நோய் குறைந்து கழுத்து வலி வந்தது.

புதுக்குழாய்க்கு வெட்டிய குழி எங்கள் லயத்து வாசலுக்கு மேலாகத்தான் போயிற்று. அக்கா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள். கண்டாக்கு வந்து பார்த்தார்.

"எந்திரிங்க தாயே. மண்ணு மூடணும்."

"மூடுங்க, எங்களையும் சேத்து மூடுங்க" என்றாள் அக்கா. "இல்ல, இந்த எடத்துல ஒரு பைப்பு வைங்க. ஒங்க புள்ள சட்ட பச்சையானப்ப ஒடனே ஆள் வந்துச்சு. எங்க புள்ள வயிறு எந்தக் கலரா இருக்குன்னு யாரும் வந்து பாக்கல."

கண்டாக்கு திரும்பிப் போனார். மறுநாளும் அவர்கள் உட்கார்ந்தார்கள். அன்று மாலை அவரே குழாய் ஆட்களிடம், "ஒண்ணு வச்சுத் தொலைங்கப்பா, தொரைக்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரர் போனில் கேட்டார், சங்கத்தின் வெளியீட்டில் இதை எழுதப்போகிறேன், நன்றி சொல்லும் இடத்தில் அக்கா பேரைப் போடலாமா என்று. அக்காவிடம் சொன்னேன். "பேரு போட்டா தண்ணி கூடுமா?" என்றாள். கூடாது என்றேன். "அப்ப அவரு இஷ்டம்."

குழாயைத் திறந்த அன்று குழியை மூடும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. முதலில் காற்று வந்தது, பிறகு சேறு. பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அக்காதான் முதல். பிடித்ததை ஊற்றினாள், மறுபடி பிடித்தாள், ஊற்றினாள். தண்ணீர் நூல் போலத்தான் வந்தது. கலங்கல் தெளிய நெடுநேரமாயிற்று. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.