சில்லு வைத்த சீதன வீடு

சனிக்கிழமை காலைகளில் எங்கள் கரவன் பார்க்கில் ஆட்கள் கோப்பியும் கையுமாக வெளியே வந்து, தங்கள் வீட்டுச் சுவரைத் தாங்களே தட்டிப் பார்ப்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறதா என்று அறியத்தான் நாம் தட்டுவோம். இவர்களோ சொந்த வீட்டின் வெளியே நின்று விரலை மடக்கித் தட்டுகிறார்கள், காதை வைத்துக் கேட்கிறார்கள், இரண்டடி நகர்ந்து மறுபடி தட்டுகிறார்கள். இப்போது நானும் தட்டுகிறேன். கல்முனைச் சந்தையில் வத்தகப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிய விரல்கள்தானே, பழகுவதற்கு அதிக நாள் எடுக்கவில்லை. வீடு என்று நான் சொல்வது ஒரு மோட்டார்ஹோம். லொறியின் முதுகில் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் ஏற்றிக் கூரை போட்டது போன்ற ஒன்று. இப்படிச் சில்லில், சக்கரத்தில், ஓடும் வீடுகளை நிறுத்திக் குடியிருக்கும் இடம்தான் கரவன் பார்க். வெளிச்சுவர் மெல்லிய பைபர் தகடு, அதற்குப் பின்னால் மரச்சட்டம். உள்ளே ஈரம் புகுந்தால் தட்டும் சத்தம் தொப்பென்று அமுங்கிவிடும். சட்டம் உக்கிப் போனால் வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் கொடுக்க வேண்டும்.

நானும் என் மனைவி நஸீறாவும் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்முனைக்குடிக்காரர். ஒஸ்ரேலியாவுக்கு வந்து வருடக்கணக்காக வாடகை வீடுகளில் இருந்தோம். பிள்ளைகள் பல்கலைக்கழகம் போன பிறகு, நான் வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலைக்குக் கிட்டவுள்ள இந்தக் கடற்கரை ஊரில், பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கிக் குடியேறினோம். பதிவு நஸீறாவின் பெயரில். அதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்கு உரியது. பெற்றோர் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அங்கே போய்ச் சேருவான், அதன்பின் ஆயுள் முழுக்க அவன் மனைவி வீட்டுக்காரன். நஸீறாவுக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. அவளுக்கென்று அவளுடைய வாப்பா கட்டிக்கொண்டிருந்த வீடு, கூரை ஏற இருந்த நேரத்தில் சுனாமியோடு போனது. அவள் என் உம்மாவின் வீட்டுக்கு வந்து, தேங்காய் துருவக்கூட அனுமதி கேட்கும் விருந்தாளியாக இருந்தாள். மகளை வீடில்லாமல் கட்டிக் கொடுத்தேனே என்று மாமா பெருநாளுக்குப் பெருநாள் போனில் அழுவார். அதனால் இந்த வண்டியின் சாவியை வாங்கிய அன்று நஸீறா முதலில் அழைத்தது அவரைத்தான். "வாப்பா, எனக்கு ஊடு கிடைச்சிட்டு" என்றாள்.

இந்த ஏற்பாட்டை அயலவர் கிரெக்குக்கு விளங்க வைக்க நான் பட்ட பாடு பெரிது. ஓய்வு பெற்ற மனிதர், பக்கத்து வண்டியில் தனியாக இருக்கிறார். முதல் நாளே வந்து, "நல்ல வண்டி, உன்னுடையதா?" என்று கேட்டார். "இல்லை, என் மனைவியுடையது. நான் அதில் இருக்கிறேன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மறுநாள் என்னைத் தனியாக அழைத்து, "என் வண்டியோடு சேர்த்துக் கட்டிய கூடாரத்தில் ஒரு மடக்குக் கட்டில் இருக்கிறது. எந்த நேரமும் வரலாம், எதுவும் கேட்க மாட்டேன்" என்றார். எத்தனை விருந்தோம்பல் என்று நான் உருகிப்போய், "மிக்க நன்றி, மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்றேன். அவர் இன்னும் குழம்பினார். இரண்டு முறை மணமுறிவு கண்ட மனிதர், என்னையும் மனைவி வெளியே தள்ளப் போகிறாள் என்று நினைத்திருக்கிறார். எங்கள் ஊரில் எல்லா ஆண்களுக்கும் இதுதான் நிலைமை என்று நான் விளக்கியதும் அவருடைய இரக்கம் கல்முனை முழுவதற்கும் விரிந்ததே தவிர, குறையவில்லை.

போன குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு காலை நஸீறா உள்ளிருந்து கூப்பிட்டாள். "இஞ்சப் பாருங்க, செவரு மெத்த மாதிரி அமுங்குது." குளியலறைப் பக்கச் சுவர். வெளியே ஓடிப்போய்த் தட்டினேன். மேலே டக் டக், கீழே வர வர தொப் தொப். கிரெக்கைக் கூப்பிட்டேன். கிரெக் வந்தார், தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். ஜன்னலைச் சுற்றியிருந்த ரப்பர் வெடித்திருப்பதைக் காட்டினார். மழை அங்கேதான் உள்ளே புகுந்திருக்கிறது. அதன்பின் குனிந்து, தகட்டின் அடியிலும் சாமான் பெட்டி மூடியின் கீழும் இருக்க வேண்டிய சின்னஞ்சிறு துளைகளைத் தேடினார். ஒன்றையும் காணவில்லை. எல்லாவற்றிலும் வெள்ளைச் சிலிக்கோன் பசை, அழகாக விரலால் தடவி விடப்பட்டிருந்தது.

"இதை அடைத்தது யார்?" என்றார்.

"நான்தான்" என்றாள் நஸீறா, பாராட்டை எதிர்பார்த்த குரலில். "மழைக்கு."

மாரி தொடங்குமுன் ஓட்டு இடுக்கு, ஜன்னல் இடுக்கு என்று ஒன்று விடாமல் அடைப்பதை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது போதாதென்று குளியலறைப் பக்கம் துளை கிடந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்ற பயமும் சேர்ந்திருக்கிறது. எறும்பே மூச்சை அடக்கிக்கொண்டு போக வேண்டிய துளை அது! உள்ளே புகும் தண்ணீர் வெளியேறத்தான் அந்தத் துளைகள் என்று கிரெக் பொறுமையாகச் சொன்னார். நஸீறா என் பக்கம் திரும்பி, "வந்த தண்ணி போறத்துக்கும் வழி வச்சிரிப்பானுகளெண்டு நான் என்னத்தக் கண்டன்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் மனைவி வீட்டில் இருந்துகொண்டு வீட்டுக்காரியை ஏசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இதும் போனா வாப்பாக்கு என்னெண்டு செல்லுவன்?" என்றாள். அதற்குமேல் எனக்கு அவள் மீது கோபம் நிற்கவில்லை, பயம்தான் மிஞ்சியது.

கிரெக்கும் நானும் ஓரச்சட்டத்தைக் கழற்றி, திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தகட்டின் அடிப்பக்கத்தை மெல்ல இழுத்தோம். பழுப்புத் தண்ணீர் கிரெக்கின் சப்பாத்துக்குள் கொட்டியது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. திருப்புளியை மரத்தில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு போனார். அடியில் கிடந்த குறுக்குச் சட்டம் ஊறிய பாண் ரொட்டி போல உதிர்ந்தது. நிமிர்ந்து நின்ற சட்டங்களில் திருப்புளி இறங்கவில்லை. ஒன்றிலுமே இறங்கவில்லை. "பிழைத்தது" என்றார். நஸீறா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அவரும் அந்தச் சொல்லைத் தன் வாய்க்கு வந்த மாதிரி சொல்லிப் பார்த்தார், நாங்கள் திருத்தவில்லை.

நாள் கணக்கில் மின்விசிறி வைத்துக் காய விட்டோம். அடிச்சட்டத்தைப் புதிதாகப் போட்டு, ஜன்னல் ரப்பரை மாற்றி, தகட்டைத் திரும்பப் பூட்டினோம். அன்றிலிருந்து வெளிச்சுவர் முழுக்க நஸீறாவின் ஆட்சி. உப்புக் காற்று பட்ட சுவரை மெல்லிய பஞ்சால் கழுவுகிறாள், குழாயைச் சீறவிட என்னை அனுமதிப்பதில்லை. எரிவாயுப் பெட்டியின் மூடி, தண்ணீர் ஊற்றும் வாயின் மூடி, குளிர்பெட்டியின் காற்றுத்தட்டி எல்லாவற்றையும் திறந்து மூடி, கீல்களுக்கு எண்ணெய் விடுகிறாள். துளைகளைப் பல் குத்தும் குச்சியால் குத்தித் திறந்து வைக்கிறாள். என் உம்மாவின் வீட்டில் பேசாமல் ஒதுங்கி நின்ற பெண் இவள்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். அவள் வெயிலில் நின்று தன் வீட்டைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிப்பது எனக்கு மிகப் பிடித்தமான காரியம்.

தகட்டைப் பூட்டி முடித்த மாலை அவள் வீடியோவில் வாப்பாவை அழைத்தாள். ஊரில் நண்பகல் லுஹர் தொழுது முடிந்த நேரம். மாமா கடற்கரைப் பக்கத்து வளவில் நின்றார். சுனாமி கொண்டுபோன வீடு நின்ற அதே வளவு. காணி உறுதிப் பத்திரம் நஸீறாவின் பெயரில் இருக்கிறது, ஆனால் கரைக்கு மிக அருகே என்பதால் அங்கே மறுபடி கட்ட அனுமதி இல்லை. அன்று வேலி அடைக்க ஆள் பிடித்திருந்தார். நஸீறா போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, புதிய ரப்பர் முதல் கடைசி மூடி வரைக்கும் காட்டினாள். மாமா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு யோசித்தார்.

"இது நவருற ஊடுதானே புள்ள?"

"ஓம் வாப்பா, நல்லா ஓடும்."

"அப்ப இத இஞ்ச கொண்டாந்து உட்டா என்ன? கல்லால கட்டப்படாதெண்டுதானே சென்னானுகள். சில்லு வச்ச ஊட்டுக்கு ஒண்டும் செல்லலியே."

நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. "மருமகன், அகலம் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். அவர் வேலிக்காரர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வாசக் கடப்பப் பத்தடியா உடுங்க. என்ட புள்ளட ஊடு வந்தா உள்ளுக்கு வரணும்."

நஸீறாவின் சிரிப்பு நின்றுவிட்டது. வேலிக்காரர் நட்டிருந்த கம்பைப் பிடுங்கித் தள்ளி நட்டார். விட்ட இடைவெளியில் கடல் தெரிந்தது.